தண்ணீருக்குள் மூன்று படி

ஆனைக்கரைப் பெண்களுக்கென்று சிற்றாற்றில் ஒரு படித்துறை வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம், ஆனி மாதம். அதற்கு முன்னால் அவர்கள் குளித்ததைக் குளிப்பு என்று சொல்ல முடியாது. குற்றாலத்திலிருந்து இறங்கி வருகிற ஆறு, தென்காசி போய்ச் சேருமுன் ஒரு வளைவு போட்டுத் திரும்பும் இடத்தில் இருந்தது அந்த ஊர். கரை முழுக்க வழுக்குப் பாறையும் தாழம்புதரும். மாடு குளிப்பாட்டுவதும் அங்கேதான், வண்டிச் சக்கரத்தை ஊறப்போடுவதும் அங்கேதான். பெண்கள் விடியுமுன் எழுந்து போய் நாலு முங்கு முங்கிவிட்டு, ஈரச்சேலை காலைத் தடுக்கத் தடுக்கத் தெரு வழியே வீட்டுக்கு ஓடி வர வேண்டும். சாரல் மாதங்களில் அந்த ஈரத்தோடு நடந்தே பாதிப் பேருக்கு இருமல்.

இப்போது கருங்கல் படி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர். மேலே ஓடு போட்ட ஓர் அறை, உள்ளே சேலை மாற்றிக்கொள்ள. வாசலில் ஒரு மின்விளக்கு. திறந்த அன்று மோர் விற்கிற பேராச்சி குளிக்கக்கூட இல்லை. காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "ஒருத்தனும் பாக்காத எடத்துல இருந்து பாத்துக்கிடுதேன், போ" என்றாள்.

துறை வந்ததில் முத்துவடிவுக்கும் ஒரு பங்கு உண்டு. நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி, தென்காசிச் சந்தையில் அரிசியாக விற்கிறவள் அவள். வயது நாற்பத்திரண்டு. புருஷன் காமாலையில் போய் ஏழு வருஷம். ஒரே மகள் உலகம்மாளைக் கடையநல்லூருக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். டவுன் பஞ்சாயத்தில் ஒரு பெண் உறுப்பினரும் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, தலைவர் நாறும்பூநாதன் இவள் பெயரைச் சொன்னார். எழுத்துக் கூட்டி வாசிப்பாள், கையெழுத்துப் போடுவாள், வம்பு பேசமாட்டாள் என்பது அவர் கணக்கு.

முதல் நாலு கூட்டத்தில் அவள் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, வந்த காப்பியைக் குடித்துவிட்டு, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஐந்தாவது கூட்டத்தில் படித்துறைத் திட்டத்தை வாசித்தார்கள். மேலிருந்து பத்தொன்பது படி, சாரல்காலத்தில் அடியில் ஏழெட்டு முங்கிக் கிடக்கும் கணக்கில்.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். "சாரல் நின்னா தண்ணி கீழ போயிரும்லா அண்ணாச்சி? பெறகு நாங்க சகதியிலயா நிக்கணும்?"

அறையில் இருந்த பதினோரு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நாறும்பூநாதன் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களாவே, இத்தனை பேர் இருக்கோம், இது ஒருத்தனுக்குத் தோணலையே" என்று சொல்லி, தண்ணீருக்குள் இன்னும் மூன்று படி என்று சேர்த்து எழுதச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும்போது முத்துவடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு அவள் ஏற்கெனவே கடமைப்பட்டவள். புருஷன் போன பதினாறாம் நாள், நாறும்பூநாதன் சம்சாரம் கல்யாணசுந்தரி ஆச்சி ஆள் அனுப்பி, "எங்க பழைய களம் சும்மாதான் கெடக்கு, நெல்லு காயப்போட்டுக்கச் சொல்லு" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். ஏழு வருஷமாக வாடகை என்று ஒரு வார்த்தை வந்தது கிடையாது. அந்தக் களம் இல்லாவிட்டால் அவித்த நெல்லை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

துறை திறப்பு விழாவில் மைக்கை நீட்டினபோது முத்துவடிவு "எல்லாரும் நல்லா இருங்க" என்றாள். அழுதுவிட்டாள்.

ஆவணி பிறந்தது. சாரல் ஓய்ந்து, மலையில் மஞ்சு விலகி, வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது. தலைப்பிரசவத்துக்கு உலகம்மாள் ஏழாம் மாதம் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மசக்கை தீர்ந்து முகத்தில் களை வந்திருந்தது. ஒரு நாள் காலையில் முத்துவடிவும் பேராச்சியும் அவளைத் துறைக்குக் கூட்டிப் போனார்கள்.

தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. சாரலில் ஏழெட்டுப் படி முங்கிக் கிடந்த இடம். அன்று கடைசிப் படி வரைக்கும் போனாலும் முழங்கால்தான். உலகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினாள்.

"இன்னும் ரெண்டு எறங்குதேம்மா. இடுப்பளவு நின்னாத்தான் உடம்புக்கு எதமா இருக்கு."

"எறங்கு, எறங்கு. இன்னும் மூணு படி இருக்கு" என்றாள் முத்துவடிவு, துணியைச் சோப்புப் போட்டுக்கொண்டே.

உலகம்மாள் காலை நீட்டி வைத்தாள். வைத்த இடத்தில் கல் இல்லை. அம்மா என்ற சத்தம் பாதியில் தண்ணீருக்குள் போய்விட்டது. முத்துவடிவு நிமிர்ந்து பார்க்கையில் மகளின் கொண்டைதான் தெரிந்தது. கால் இரண்டும் சகதியில் சொருகிக்கொள்ள, ஏழு மாதத்து வயிற்றோடு அவளால் புரளக்கூட முடியவில்லை. பேராச்சி படியில் நீட்டிப் படுத்து, கையை வீசி, அந்தக் கொண்டையை எட்டிப் பிடித்துவிட்டாள். "யக்கா, என் காலைப் பிடி!" என்று கத்தினாள். முத்துவடிவு அவள் காலைப் பிடிக்க, அக்கம்பக்கத்தில் குளித்தவர்கள் முத்துவடிவைப் பிடிக்க, சேலையை முறுக்கி உலகம்மாளின் அக்குளில் கொடுத்து மேலே இழுத்துப் போட்டார்கள்.

அவளுக்கு மூச்சு வந்துவிட்டது. வயிற்றில்தான் அசைவு இல்லை. வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். மருத்துவச்சி வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சுக்குத் தண்ணி போடச் சொன்னாள். அவித்த நெல் அண்டாவிலேயே கிடந்து புளித்தது. முத்துவடிவு மகளின் வயிற்றைப் பார்த்தபடியே இருந்தாள். பொழுது சாயும் நேரத்துக்கு உலகம்மாள் திடுக்கென்று கண்ணைத் திறந்தாள். "உதைக்கும்மா" என்றாள்.

பேராச்சிதான் முதலில் அழுதாள். முத்துவடிவு அவள் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அதை விடு யக்கா" என்று பேராச்சி கையை இழுத்துக்கொண்டாள். "நீ மூணு படி இருக்குன்னே. எங்க இருக்கு?"

மறுநாள் முத்துவடிவு தனியே துறைக்குப் போனாள். சேலைத் தலைப்பைச் சுவரின் இரும்பு வளையத்தில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பதாவது படியிலிருந்து மெல்ல இறங்கினாள். காலால் துழாவினாள். இடப்பக்கம், வலப்பக்கம், நடுவில். எங்கும் சகதி. உடைந்த ஜல்லி நாலைந்து குத்தியது. படி என்று ஒன்று இல்லை.

துறை வேலையை எடுத்துச் செய்தவர் காண்ட்ராக்டர் சிவசைலம். கல்யாணசுந்தரி ஆச்சியின் கூடப்பிறந்த தம்பி. மாசியில் ஆறு வற்றிக் கிடந்தபோது ஆரம்பித்திருக்க வேண்டிய வேலையைச் சித்திரை பாதியில் ஆரம்பித்தார். வைகாசிக் கடைசியில் சாரல் பிடித்துக்கொண்டது. கடைசி மூன்று படி வர வேண்டிய இடத்தைத் தண்ணீரே மூடிக்கொண்ட பிறகு, போட்டாச்சு என்று சொன்னால் யார் முங்கிப் பார்க்கப் போகிறார்கள்? அதுவும் பெண்கள் துறை. திறப்பு விழாவன்று தலைவரே சுவருக்கு வெளியே நின்றுதான் நாடாவை வெட்டினார்.

முத்துவடிவு நேரே நாறும்பூநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் ஈசிசேரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. மக எப்படி இருக்கா? கேள்விப்பட்டேன். நல்லவேளை, தெய்வம் காப்பாத்திச்சு."

"நல்லா இருக்கா அண்ணாச்சி. பேராச்சி இல்லைன்னா போயிருப்பா." அவள் நின்றபடியே சொன்னாள். "அண்ணாச்சி, அந்த மூணு படி அங்கன இல்ல."

அவர் பேப்பரை மடித்தார். "எந்த மூணு படி?"

"தண்ணிக்குள்ள போடச் சொன்னது. நான் எறங்கிப் பாத்துட்டேன். வெறும் சகதி."

"மண்ணு மூடியிருக்கும்மா. சாரல் வெள்ளத்துல எவ்வளவு மண்ணு வந்திருக்கும்!"

"பத்தொன்பதாம் படியை மூடலையே அண்ணாச்சி. அதுக்குக் கீழ மட்டுமா மூடும்?"

அவர் மடித்த பேப்பரைக் கீழே போட்டார். பிறகு குரல் கொஞ்சம் ஏறியது. "முத்துவடிவு, இந்தப் பணத்துக்கு நான் நாலு தடவை மெட்ராசுக்குப் போயிருக்கேன். ஒவ்வொரு ஆபீசா ஏறி எறங்கியிருக்கேன். இந்தச் சுத்துவட்டாரத்துல பொம்பளைகளுக்குன்னு எந்த ஊர்ல தொறை இருக்கு? நீ சொல்லு. வராத ஒண்ணு வந்திருக்கு. அதுல மூணு கல்லு கொறையுதுன்னு தெருவுக்கு இழுத்தா, அடுத்த தடவை நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய்க் கேப்பேன்?"

"நன்றி இல்லாம கேக்கல அண்ணாச்சி. காலையில தொறையில கால் வைக்கும்போதெல்லாம் உங்களைத்தான் நெனைக்கேன். சத்தியமா."

"பெறகென்ன?"

முத்துவடிவு முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். உள்வாசலில் கல்யாணசுந்தரி ஆச்சி வந்து நின்றது அப்போதுதான் கண்ணில் பட்டது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. ஆச்சி அவளைப் பார்த்து, "களத்துல நெல்லு காயுதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வழிநெடுக அந்தக் கேள்வி முத்துவடிவின் கூடவே வந்தது. ஏன் கேட்டாள்? சும்மா கேட்டாளா, ஞாபகப்படுத்தினாளா? மறுநாள் நெல்லை அவித்துக் கூடையில் சுமந்துகொண்டு களத்துக்குப் போகும்போது, வேறு பூட்டுத் தொங்கும் என்றே நினைத்தாள். பழைய பூட்டுத்தான் தொங்கியது. அவள் சாவிக்குத் திறந்தது. வெயிலில் நெல்லைப் பரப்பி, காலால் கோடு இழுத்து இழுத்துக் கிளறும்போது மனசுக்குள் அந்த வீட்டைக் கும்பிட்டாள். கும்பிடக் கும்பிட மகளின் கொண்டை தண்ணீருக்குள் போனதும் கண்ணுக்குள் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று விரட்டவில்லை. பக்கம் பக்கமாகவே இருந்தன.

அந்த வாரமே கூட்டம். படித்துறை வேலைக்குக் கடைசிப் பில் வந்திருந்தது. எழுத்தர் வாசித்தார்: கருங்கல் படி இருபத்திரண்டு, சுவர், அறை, விளக்கு. காண்ட்ராக்டர் சிவசைலமும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். பணியை மேற்பார்வையிட்ட பழைய ஓவர்சீர் ஓய்வுபெற்றுப் போய், சேக் மைதீன் என்ற புது ஓவர்சீர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்றார் நாறும்பூநாதன், ஒருவரையும் பார்க்காமல்.

முத்துவடிவு எழுந்தாள். "படி பத்தொன்பதுதான் அண்ணாச்சி இருக்கு."

சிவசைலம் சிரித்தார். "மிச்சம் மூணும் தண்ணிக்குள்ளல்லா இருக்கு. நீ எப்படிம்மா பாத்தே?"

"காலால பாத்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சேக் மைதீன் சிரிக்கவில்லை. அவர் கேட்டார்: "எந்த இடத்துல கால் வச்சீங்கம்மா?"

"மூணு எடத்துல. ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும். எனக்கு இடுப்புக்கு மேல தண்ணி வந்துட்டு. எங்கனயும் கல்லு தட்டல."

"நான் அளக்கலை சார்" என்று சேக் மைதீன் தலைவரிடம் சொன்னார். "முன்னால இருந்தவர் எழுதிவச்சிட்டுப் போனது. பொம்பளைங்க தொறைன்னு நானும் உள்ள போகலை. பாக்காம இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"தண்ணி கெடக்கும்போது எப்படிவே பாப்பீரு?" என்றார் சிவசைலம். "அடுத்த மாசி வரைக்கும் பில்லை நிறுத்திவைக்கவா? கூலிக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

துறைக்குக் கீழே இரண்டு பர்லாங்கு தள்ளி ஓர் அணைக்கட்டு உண்டு. துறையில் தண்ணீர் தேங்கி நிற்பதே அதனால்தான். அதன் அடிமடையைத் திறந்தால் அரைநாளில் தண்ணீர் வடிந்துவிடும் என்றார் ஓவர்சீர். திறந்தால் அங்கிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. அணை திரும்ப நிறைய மூன்று நாள் ஆகும். ஆவணி மாதம், கார் நெல் பால் பிடிக்கிற சமயம். எந்த விவசாயி சம்மதிப்பான்?

நாறும்பூநாதன் பேனாவை மூடினார். "வாய்க்கால்காரங்க சம்மதிச்சா திறந்து பாருங்க. இல்லைன்னா பதினஞ்சு நாள் கழிச்சுப் பில் பாஸாகும்." சம்மதிக்க மாட்டார்கள் என்ற தெம்பு அந்தக் குரலில் இருந்தது.

முத்துவடிவு பேராச்சியைக் கூட்டிக்கொண்டு மறுநாளே வாய்க்கால் கரையோடு நடந்தாள். தண்ணீர் முறையைப் பங்கு வைக்கிறவர் சுடலையாண்டி. அவருக்கு ஒன்றரை ஏக்கர், கடைமடையில். எல்லார் வயலுக்கும் பாய்ந்து மிஞ்சினதுதான் அவருக்கு. வரப்பில் நண்டு வளையைச் சேறு வைத்து அடைத்துக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, வெளையாடுதியா? கதிரைக் கிள்ளிப் பாரு, பாலு பீச்சுது. இப்பம் மூணு நாள் காஞ்சா பாதி பதரு."

"தெரியும் அண்ணாச்சி. நானும் நெல்லுல கெடந்து பொழைக்கவதான். பதருன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? வேற வழி தெரியாமத்தான் வந்தேன்."

"மூணு படிக்குப் போயி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "அன்னைக்குத் தொறையில ஒரு சூலிப்பிள்ளை முங்கிட்டுன்னாவளே, அது யாரு?"

"எம்மகதான்."

"வயித்துல உள்ளது எப்படி இருக்கு?"

"உதைக்கு. நல்லா உதைக்கு."

சுடலையாண்டி ஆற்றுப் பக்கம் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வரப்பில் உட்கார்ந்து, விரல் விட்டு நாள் எண்ணினார்.

"வெள்ளிக்கிழமை விடிய மேல்மடைக்காரனுக எல்லாத்துக்கும் ஒரு சுத்து முடிஞ்சிரும். வயல் நெறையக் கட்டிக்கிடச் சொல்லுதேன். மூணு நாள் தாங்கும். அதுக்குப் பெறகு தெறந்துக்கிடுங்க."

"உங்களுக்கு?" என்றாள் பேராச்சி.

"எனக்கு எங்க? நம்ம வயலுக்கு வரும்போது மடையைத் தெறந்திருவேளே. போகட்டும். வர்றது வரட்டும்."

"அண்ணாச்சி..." என்று முத்துவடிவு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"போம்மா. என் பொண்டாட்டியும் களையெடுத்திட்டு அங்கனதான் வந்து விழுதா. அவளுக்கு நீச்சல் தெரியாது."

வெள்ளிக்கிழமை காலை அடிமடையைத் திறந்தார்கள். துறையில் பெண்கள் ஒருவரும் குளிக்கவில்லை. மேலே அறை வாசலில் கூட்டமாக நின்றார்கள். துறை திறந்த பிறகு சுவருக்கு உள்ளே ஆண்கள் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஓவர்சீர், தலைவர், சிவசைலம், உறுப்பினர்கள் நாலு பேர். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கியது. ஒரு படி நனைந்து மினுங்கும். சற்று நேரத்தில் அடுத்தது. பதினெட்டு வெளியே வந்தது. பத்தொன்பது வந்தது.

அதற்குப் பிறகு வந்தது கறுப்புச் சகதி. நாலு ஜல்லி, மட்கின சிமெண்டுச் சாக்கு ஒன்று, யாரோ தொலைத்த பித்தளைச் செம்பு. சேக் மைதீன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒரு மூங்கிலை ஊன்றினார். அது பாதி உயரம் உள்ளே போனது. நகர்ந்து நகர்ந்து ஏழெட்டு இடத்தில் ஊன்றினார். எல்லா இடத்திலும் அப்படியே. நோட்டில் எழுதினார்.

சிவசைலம் மெல்ல, "வெள்ளம் வந்துட்டு அத்தான். நான் என்ன செய்ய? அடுத்த வருஷம் போட்டுக்கிடலாம்னுதான்..." என்றார்.

நாறும்பூநாதன் செருப்பைக் கழற்றினார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல், பத்தொன்பதாம் படியிலிருந்து கீழே காலை வைத்தார். முழங்காலுக்கு மேலே சொருகியது. அடுத்த காலை எடுக்க முடியாமல் ஆடினார். சிவசைலம் கையை நீட்டினபோது அதைப் பிடிக்காமல் ஓவர்சீரின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். வேட்டியெல்லாம் சேறு.

"இதுலதான் அந்தப் பிள்ளை விழுந்திருக்கு" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பிறகு மைத்துனரிடம், "மாப்ளே, பில்லைத் திருப்பி எடுத்துக்கோ. மூணு படியும் போட்டு, இந்த ஓவர்சீர் கையால அளந்த பெறகு கொண்டா. அதுவரைக்கும் ஒரு சல்லி வராது" என்றார். முத்துவடிவின் பக்கம் திரும்பாமலே படியேறிப் போனார்.

ஜெயித்துவிட்டோம் என்று பேராச்சி குலவை போடப் பார்த்தாள். முத்துவடிவு அவள் வாயைப் பொத்தினாள். அண்ணாச்சி போன படியெல்லாம் சேற்றுக்கால் பதிந்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

அந்த மூன்று நாளில் சுடலையாண்டியின் வயல் வெடித்தது. முழுக்கப் போகவில்லை. நடுவில் ஓர் அகலத்துக்குக் கதிர் வெளுத்து நின்றது. புரட்டாசியில் அறுப்புக்காக எல்லா வயலிலும் தண்ணீரை வடித்துவிட்டார்கள். வாய்க்காலுக்குத் தண்ணீர் தேவைப்படாத அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் அடிமடையைத் திறந்தே வைத்து, துறையில் மண்மூட்டை அடுக்கி, சகதியை வாரி, பாறை தட்டும் வரைக்கும் தோண்டினார்கள். சிவசைலம் குடையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றார். ஒவ்வொரு கல்லுக்கும் சேக் மைதீன் அளவுகோலோடு குனிந்தார்.

அந்த நாள்களில் ஒன்றில் ஆனைக்கரைப் பெண்கள் பதினாலு பேர் அரிவாளோடு சுடலையாண்டி வயலுக்குப் போய் நின்றார்கள். அறுக்கத் தெரிந்தவர்களும் உண்டு, கட்டுத் தூக்க மட்டும் தெரிந்தவர்களும் உண்டு.

"ஏளா, யாரு உங்களை வரச்சொன்னா? கூலிக்கு நான் எங்க போவேன்?" என்று அவர் வரப்பில் குதித்தார்.

"கூலி நீங்க ஆவணியிலயே குடுத்துட்டேள்" என்று சொல்லிவிட்டு முத்துவடிவு குனிந்து முதல் பிடியை அறுத்தாள்.

மத்தியானத்துக்குள் வயல் வெறும் தாளாக நின்றது. சுடலையாண்டியின் சம்சாரம் பானையில் பழைய சோறும், காணத்துவையலும், சுண்டின மீன்குழம்பும் கொண்டு வந்து இறக்கினாள். பூவரச நிழலில் வட்டமாக உட்கார்ந்து, கையில் வாங்கி வாங்கிக் குடித்தார்கள். "வெளுத்த கதிரு கொஞ்சந்தான். நான் பயந்த அளவுக்கு இல்ல" என்று சுடலையாண்டி ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னார். அவளுகள் மனசு கஷ்டப்பட்டுவிடக் கூடாதே என்று அவருக்கு.

ஐப்பசி மழைக்கு நாலு நாள் இருக்கும்போது படி முடிந்து, துறையில் பழையபடி தண்ணீர் நின்றது. கூட்டத்தில் பில் திரும்ப வந்தது. எழுத்தர் நோட்டைத் தலைவர் பக்கம் நீட்டினார். நாறும்பூநாதன் அதை வாங்கி, மேஜை மேல் தள்ளி, மூலை நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"நீ எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன் அண்ணாச்சி. இருபத்திரண்டும் இருக்கு."

"அப்பம் நீ முதல்ல போடு."

அவள் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். கூட்டம் கலைந்து எல்லாரும் போன பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க பெறகென்னன்னு கேட்டேள். எனக்குச் சொல்லத் தெரியல. தொறைக்கு நன்றி எப்பமும் உண்டு. அதைவிட, நான் எண்ணினதைப் பொறுத்துக்கிட்டு நீங்களும் வந்து எறங்குனேளே, அதுக்குத்தான்..." கையைக் கூப்பினாள்.

நாறும்பூநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வேட்டி இன்னும் வெளுக்கல பாத்துக்கோ" என்றார். கொஞ்சம் கழித்து, "தெரு விளக்குக்கு அடுத்த மாசம் பணம் வருது. அதையும் நீ நடந்து எண்ணிரு" என்றார்.

மறுநாள் வெள்ளென, பெண்கள் எல்லாரும் துறையில் கூடினார்கள். நிறைமாத வயிற்றோடு உலகம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேராச்சி அவள் தலைக்குத் தண்ணீர் மோந்து ஊற்றினாள். முத்துவடிவு திரும்பினபோது மேலே அறை வாசலில் கல்யாணசுந்தரி ஆச்சி நின்றிருந்தாள். வீட்டுக்குள்ளேயே கிணறு உள்ளவள். துறைக்கு வந்ததே இல்லை. கையில் மாற்றுச் சேலையும் மஞ்சளும் இருந்தன. தம்பி போட்ட படியைப் பார்த்தபடி, முதல் படியில் காலை வைப்பதா வேண்டாமா என்று நின்றாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏ முத்துவடிவு" என்றாள் ஆச்சி. "நான் எறங்கலாமா?"

முத்துவடிவு ஈரச்சேலையோடு விடுவிடென்று மேலே ஏறிப் போனாள். ஆச்சியின் கையிலிருந்த துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்தாள்.

"பயப்படாம வாங்க ஆச்சி" என்றாள். "அடி வரைக்கும் கல்லு இருக்கு."